ஏட்டில் ஏறாத கர்ப்பங்கள்

மாத்தளைப் பட்டணத்திலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு மைல் அளவு போய், பாதையோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களின் மிளகு மணமும் ஏல மணமும் மூக்கை விட்டு நீங்குமுன்னரே பெரும் பாறைகளின் இடுக்கில் ஏறத் தொடங்கும் யாத்திரிகருக்கு அலுவிகாரையில் முதலிற் சொல்லப்படும் செய்தி, கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என்று ஜனங்கள் வழங்கும் வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை பிக்குகளின் நாவிலும் நினைவிலும் மாத்திரமே வாழ்ந்து வந்த திரிபிடகம் இங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பதாகும். பஞ்சமும் யுத்தமும் தேசத்தை வாட்டிய அந்தக் காலத்தில், ஓதுகிறவர் மாண்டால் ஓதப்படுவதும் அவரோடு மாண்டுபோகும் என்ற பயமே அவர்களை எழுத்தாணியைக் கையிலெடுக்கச் செய்தது.

இந்தப் பழஞ்செய்தியை ஒரு வைத்திய விஷயத்தின் வாயிலில் நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாறையின் அடிவாரத்துச் சிங்களக் கிராமங்களிலும், மாத்தளையைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலும், பட்டணத்துக் கடைவீதியின் மாடி வீடுகளிலும் இன்றைக்கும் நினைவில் மாத்திரமே இருந்து, நினைவோடு மங்கி மறைந்துபோகிற ஒரு வரலாறு உண்டு. அது இரண்டாம் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் தங்காமற்போன கர்ப்பங்களின் வரலாறு. “ரெண்டு தரம் கலைஞ்சிருச்சு, மூணாவதுதான் தங்குச்சு” என்று ஒரு தாய் தன் மகளுக்குச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் அந்த வரலாறு தொடங்கி முடிந்தும் விடுகிறது. கலைந்தது எத்தனையாம் வாரம், சிசுவின் இருதயத் துடிப்பு ஸ்கேனில் தெரிந்த பின்னரா தெரியுமுன்னரா, உதிரம் எத்தனை நாள் போயிற்று, அதற்கு முந்திய மாதங்களில் அவளுக்குத் தீட்டு ஒழுங்காக வந்ததா என்ற கேள்விகளுக்கு எந்த ஏட்டிலும் விடை கிடையாது.

நம் நாட்டின் தாய் சேய் நலச் சேவையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமான காலம் தொட்டு, வீடு வீடாகச் சென்று கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து, கிளினிக்குக்கு வரவழைத்து, நிறை பார்த்து, மாத்திரை கொடுத்து, பிரசவமான பின்னும் வாசலுக்கு வந்து தாயையும் சேயையும் பார்த்துப் போகிற குடும்பநல உத்தியோகத்தரை, ஊரார் வாய்மொழியில் ‘மிட்வைஃப் மிஸ்’ஸை, நம்மைவிடச் செல்வம் மிகுந்த தேசங்களும் வியந்து நோக்கியிருக்கின்றன. அவர் தரும் கர்ப்ப அட்டையில் முந்திய கர்ப்பங்களைக் குறிக்க இடமும் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தை நிரப்புவது தாயின் ஞாபகம். பெயர் பதியுமுன்னரே போய்விட்ட கருவுக்கு அட்டை இல்லை. நாள் தள்ளிப்போய் ஆறாம் வாரத்தில் உதிரத்தோடு போனதைத் ‘தீட்டுப் பிந்தி வந்தது’ என்று எண்ணிக்கொண்டு வேலைக்குப் போனவளும் உண்டு. முழுகாமல் இருக்கிறாள் என்ற பேச்சு வெளியே பரவினால் கண்ணூறு படும் என்று மூன்று மாதம் வரை வாய் திறவாதிருந்து, பின்பு திறக்கவேண்டிய அவசியமே இல்லாமற் போனவளும் உண்டு.

வாரக் கணக்கு இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். முக்கியந்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் நேரும் சிதைவுகளிற் பாதிக்கு மேற்பட்டவை கருவின் நிறமூர்த்தங்கள் ஒன்று கூடியோ குறைந்தோ அமைந்துவிடுவதால் நேர்பவை. அவற்றிற் பெரும்பாலானவை தற்செயலானவை, தாய் தூக்கிய குடத்தினாலோ, தின்ற பப்பாசியினாலோ, ஏறிய பஸ்ஸின் குலுக்கத்தினாலோ வந்தவை அல்ல. ஆனால் ஒருத்திக்கே இரண்டு, மூன்று, நான்கு என்று சிதைவு தொடரத் தொடர, நிறமூர்த்தம் சரியாக அமைந்த கருவும் போய்க்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கிறது. அப்போது காரணத்தைத் தாயின் உடம்பிலே, அவளுடைய சுரப்பிகளிலே, இரத்தம் உறையும் தன்மையிலே, கருப்பையின் அமைப்பிலே தேடவேண்டியதாகிறது. பத்தாம் வாரம் கடந்து, துடிப்புத் தெரிந்த பின் நேரும் நஷ்டம் ஒரு காரணத்தையும், துடிப்பே தோன்றாத வெறும் பையாக நின்றுபோனது வேறொரு காரணத்தையும் சுட்டலாம். ஆகவே வைத்தியர் கேட்கும் முதற் கேள்வியே வாரத்தைப் பற்றியதாக இருக்கிறது.

சுரப்பிகளின் பங்கு என்னவென்பதைச் சற்று விரித்துச் சொல்லுதல் தகும். முட்டை வெளிப்பட்ட பின் சூலகத்தில் எஞ்சி நிற்கும் வெற்றுப் பை, பாடநூல்களில் மஞ்சட் சடலம் என்று பெயர் பெற்ற ஒரு சிறிய சுரப்பியாக மாறுகிறது. அதன் ஆயுள் இரண்டு வாரம். கரு பதிந்து, தன்னிருப்பைத் தெரிவிக்கும் ஹோர்மோனைத் தாயின் இரத்தத்தில் அனுப்பினால் மாத்திரமே அது தொடர்ந்து வாழ்ந்து, புரொஜெஸ்தரோனைச் சுரந்துகொண்டிருக்கும். ஏழாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரையில் நச்சுக்கொடி அந்த வேலையைத் தன் கையில் ஏற்றுக்கொள்ளுகிறது. 1929இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரத்தில் ஜோர்ஜ் கோர்னர், வில்லர்ட் அலன் என்னும் இருவர், மஞ்சட் சடலத்தை நீக்கிய முயல்களின் கர்ப்பம் கலைவதையும், அச்சடலத்தின் சாறு செலுத்தப்பட்ட முயல்களில் அது நிலைப்பதையும் காட்டினர். ஐந்து ஆண்டுகளுக்குள் அச்சாற்றின் சத்து தூய படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. முயலிடத்தில் இவ்வளவு பிரத்தியட்சமாகத் தெரிந்த ஒரு விஷயம் மனுஷ ஸ்திரீயிடத்திலும் அப்படியே பலிக்கும் என்று வைத்தியர்கள் நம்பியதில் வியப்பில்லை. வியப்பு, அந்த நம்பிக்கை தொண்ணூறு ஆண்டுகளாகப் பரீட்சையில் மீண்டும் மீண்டும் தடுமாறியும் சற்றும் தளராமல் நிற்பதுதான்.

அந்தப் பரீட்சைகளுக்குப் போகுமுன் தைரோயிட் சுரப்பியின் கோளாற்றைச் சொல்லவேண்டும். ஏனெனில் அது நம் மண்ணின் நோய். அயடின் பற்றாக்குறையால் வரும் கழுத்துக் கழலை இலங்கையின் ஈரவலயத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது. 1954இல் வில்சன் என்பவர் இத்தீவின் கழலையைப் பற்றி எழுதினார். 1960களின் பிற்பகுதியில் கே. மகாதேவா, செந்தே சண்முகநாதன் முதலிய நம்மவர்கள் அந்த ஆராய்ச்சியை மேலும் நடத்தி, பிரித்தானிய போஷாக்குச் சஞ்சிகையில் வெளியிட்டனர். 1986இல் பதினேழு மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தபோது நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமாயிற்று. 2010இல் எடுத்த கணக்கில் அது 4.4 ஆகக் குறைந்திருந்தது. ஒரு தேசத்தின் சமையலறைக்குள் அரசாங்கம் நுழைந்து, யாருக்கும் கைப்பில்லாமல் செய்த காரியங்களில் இதைப்போல் வெற்றி பெற்றது வேறொன்றை எளிதிற் காட்டமுடியாது.

எனினும் அந்த உப்பு அடுப்பங்கரைக்கு வந்த பின் என்ன ஆகிறது என்பதை யாரும் சென்று பார்ப்பதில்லை. கல்லுப்பை வாங்கி, மண்ணும் தூசியும் போகவேண்டுமென்று கழுவி வடித்து, வாய் திறந்த சட்டியில் அடுப்பின் வெக்கை படும் இடத்தில் வைக்கிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கழுவிய நீரோடு அயடினும் போய்விடுகிறது, மிச்சமிருப்பதிலும் ஒரு பங்கைச் சூடும் ஈரமும் தின்றுவிடுகின்றன. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயடின் மற்றப் பெரியோருக்கு வேண்டிய 150 மைக்ரோகிராமன்று, 250 என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதல் மூன்று மாதங்களில் சிசுவுக்குச் சொந்தமான தைரோயிட் வேலை செய்யத் தொடங்குவதில்லை. தாயின் சுரப்பியே இருவருக்கும் உழைக்கவேண்டும். அவளுடைய சுரப்பி முன்னையிலும் ஏறக்குறைய பாதியளவு அதிகமாகச் சுரக்கவேண்டும். முன்னரே களைத்துப்போன சுரப்பிக்கு அது ஆகாத காரியம். கர்ப்பம் தங்காமைக்கு அது ஒரு காரணமாகிறது.

அயடின் வந்ததோடு கதை முடிந்துவிடவுமில்லை. பற்றாக்குறை நீங்கிய தேசங்களில், உடம்பு தன் சுரப்பியைத் தானே பகைத்துத் தாக்கும் நோய் தலைதூக்குவதை வைத்தியர்கள் பல இடங்களிலும் கண்டிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் பிரேமவர்தன முதலானோர், இலங்கைப் பாடசாலைச் சிறுமிகளிடம் தைரோயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் எதிர்பாராத அளவில் இருப்பதைக் கண்டு, அயடின்தான் காரணமோ என்று வினவினர். அன்றைய சிறுமிகள் இன்று தாய்மார். பலருக்கு முதற் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயது. அவர்களுள் எத்தனை பேருக்குக் கர்ப்பம் தங்காமற் போயிற்று என்பதை அறிய நமக்கு ஏடு வேண்டுமல்லவா?

நல்ல செய்தியும் உண்டு. தைரோயிட் மந்தமாயிருப்பது ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்; டி.எஸ்.எச். என்னும் எண் ஏறியிருந்தால் அதற்குக் கொடுக்கும் தைரொக்சின் மாத்திரை மலிவானது, பழையது, நம்பத்தக்கது. ஆனால் அந்த மாத்திரை விழுங்கப்படும் விதத்தைக் கவனியுங்கள். தோட்டத்துப் பெண் ஒருத்தி விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி தட்டி, பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் பதியும் கூட்டத்துக்கு, நேரமாகிறதென்ற பரபரப்பில், கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, கல்சியம், போலிக் அமிலம், அதோடு இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி, ஒரு கோப்பை சூடான சாயத்தண்ணியோடு ஒரே மடக்கில் உள்ளே தள்ளுகிறாள். இரும்பும் கல்சியமும் தைரொக்சினைக் குடலிலேயே கட்டிப் போட்டுவிடும். தேநீரும் அதற்குத் துணை போகும். வெறும் வயிற்றில், வெறுந் தண்ணீரோடு அந்த ஒன்றை மாத்திரம் விழுங்கி, மற்றவற்றை நான்கு மணி நேரம் கழித்து எடுக்கவேண்டும் என்று யாராவது ஒருவர், அவளுடைய மொழியில், இரண்டு தரம் சொல்லியிருந்தால் போதும். ஏற்கெனவே தைரொக்சின் எடுப்பவள் நாள் தள்ளிப்போன உடனே, கிளினிக் திகதிக்குக் காத்திராமல் வைத்தியரைக் கண்டு அளவைக் கூட்டிக்கொள்ளவேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம். இவ்வளவு சிறிய காரியத்துக்கு இலட்சக்கணக்கில் பணம் செலவாகும் ஆராய்ச்சி ஒன்றும் வேண்டியதில்லை.

இதற்கு மறுதலையாக, பரிசோதனையில் சுரப்பி நன்றாக இருந்தும், அந்தப் பிறபொருளெதிரிகள் மாத்திரம் இரத்தத்தில் இருக்கின்றன என்பதற்காகத் தைரொக்சின் கொடுத்தால் பலனுண்டா என்று பிரித்தானியாவில் 952 ஸ்திரீகளிடம் நடத்திய பரீட்சை, 2019இல் இல்லை என்று விடை கூறியது. மருந்தெடுத்தவர்களில் நூற்றுக்கு 37.4 பேரும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 37.9 பேரும் பிள்ளை பெற்றார்கள். வேண்டியவளுக்கு வேண்டிய மருந்து, வேண்டாதவளுக்கு வேண்டாம்: வைத்திய சாஸ்திரத்தின் இந்த எளிய விவேகத்தைக் கடைப்பிடிப்பது ஏனோ கடினமாக இருக்கிறது.

எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்கர் கொடுத்த விலையை நினைவுகூர வேண்டும். 1940களில் பொஸ்டன் நகரத்து ஜோர்ஜ் ஸ்மித், ஒலிவ் ஸ்மித் தம்பதியர், செயற்கையாகச் செய்த டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்னும் ஈஸ்திரஜன் மருந்து கர்ப்பத்தைத் தாங்கும் என்று எழுதினார்கள். தேசமெங்கும் இலட்சக்கணக்கான கர்ப்பிணிகள் அதை விழுங்கினார்கள். 1953இல் சிக்காகோவில் டைக்மன் என்பவர், பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டு, அம்மருந்தினால் ஒரு பிரயோசனமும் இல்லையென்று காட்டினார். அதன் பின்னும் அதை எழுதிக் கொடுப்பது நிற்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1971இல், இளம் பெண்களுக்கு வரக்கூடாத ஒரு வகை யோனிப் புற்றுநோய் எட்டுப் பேரிடம் ஏன் வந்தது என்று பொஸ்டனில் ஹெர்ப்ஸ்டும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தபோது, அவ்வெட்டுப் பேரில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்பகாலத்தில் அந்த மருந்தை எடுத்திருந்தது தெரியவந்தது. கர்ப்பத்தைக் காக்கக் கொடுத்த மருந்து, காக்கப்பட்ட பிள்ளையின் பருவத்தில் வந்து அவளைத் தாக்கியது. அந்த வைத்தியர்கள் கொடியவர்களல்லர். அழுதுகொண்டு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராத நல்லவர்கள். அந்த நல்ல மனம் இன்றைக்கும் நம் தனியார் கிளினிக்குகளில் ஊசியாகவும் மாத்திரையாகவும் வெளிப்படுகிறது. “ஊசி போட்டா தங்கும்” என்று நம்பி, வாராவாரம் பஸ் ஏறி, காப்பை அடகு வைத்துக் காசு கொடுத்து வருகிறவளிடம், இந்த ஊசி உனக்கு எதற்கு என்று கேட்க யாருக்கும் துணிவு வருவதில்லை.

புரொஜெஸ்தரோனைப் பற்றிய உண்மை இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. அதைத் தெளிவாக்கியவருள் முதன்மையானவர் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒருவர், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அரி குமாரசாமி என்பதில் நமக்கு ஒரு சிறு திருப்தி கொள்ள உரிமையுண்டு. காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் கர்ப்பம் இழந்த 836 ஸ்திரீகளுக்கு அவருடைய குழுவினர் நடத்திய முதலாவது பரீட்சையில், 2015இல், மருந்தெடுத்தோரில் நூற்றுக்கு 65.8 பேரும் எடுக்காதோரில் 63.3 பேரும் பிள்ளை பெற்றனர். அந்த வேறுபாடு தற்செயலாயிருக்கலாம் என்று ஒதுக்கத்தக்கதே. 2019இல், ஆரம்ப மாதங்களில் உதிரம் காட்டிய 4153 ஸ்திரீகளிடம் நடத்திய இரண்டாவது பரீட்சையிலும் 75க்கு 72 என்று அதே நிலைமை. ஆனால் அவர்களுள் முன்னரே மூன்றோ அதற்கு மேலோ கர்ப்பம் இழந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால், மருந்தெடுத்தோரில் 72 பேர், எடுக்காதோரில் 57 பேர். அது அலட்சியம் செய்யத்தக்க வேறுபாடன்று. 2021இல் பிரித்தானிய வழிகாட்டி அதை ஏற்று, முன்பு கர்ப்பம் இழந்து, இப்போது உதிரம் காட்டுகிறவளுக்கு மாத்திரம், காலை மாலை 400 மில்லிகிராம் வீதம் யோனி வழியாக வைக்கும் புரொஜெஸ்தரோனைச் சிபாரிசு செய்தது. எல்லாருக்கும் அன்று. அவளுக்கு முன்பு எத்தனை போயிற்று என்பதை அறியாமல் அவளுக்கு இந்த மருந்து உதவுமா என்று தீர்மானிக்க முடியாது என்பதையும் கவனிக்கவேண்டும்.

முதலாவது பரீட்சையில் இன்னொரு விஷயம் இருக்கிறது; பத்திரிகைகள் அதைக் கவனிக்கவில்லை. மூன்று நான்கு தரம் இழந்து மனம் உடைந்து வந்த ஸ்திரீகளில், ஒரு மருந்தும் எடுக்காத பக்கத்திலேயே, ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் பிள்ளை பெற்றார்கள். நோர்வேயில் 1984இல் ஸ்த்ரே-பெடர்சன் தம்பதியர் எழுதிய பழைய ஆய்வு ஒன்று உண்டு: காரணம் தெரியாத தொடர்ச் சிதைவுக்காரருக்கு அடுத்த கர்ப்பத்தில் வாராவாரம் அழைத்துப் பார்த்து, தைரியம் சொல்லி, அச்சம் வந்தபோதெல்லாம் கதவு திறந்து வைத்ததில் 86 வீதத்தினருக்குப் பிள்ளை கிடைத்தது, அப்படிக் கவனிக்கப்படாதவர்களில் 33 வீதத்தினருக்கே கிடைத்தது. தொகை சிறியது, சீட்டுக் குலுக்கிப் பிரித்த பரீட்சையுமல்ல; ஆகவே அந்த எண்களைப் பிரமாணமாகக் கொள்ள நான் துணியேன். ஆனாலும் வாராவாரம் ஒருவர் வந்து பார்க்கும் ஏற்பாடு நோர்வேயில் விசேஷ கிளினிக்கில் கிடைத்தது. அலுவிகாரையில் மிட்வைஃப் மிஸ் ஏற்கெனவே சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ அந்தப் பாதையால் போய்க்கொண்டிருக்கிறார்.

நீரிழிவையும் சூலகக் கட்டிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனி கட்டுக்கடங்காமல் இருக்கும் நிலையில் உண்டாகும் கர்ப்பம் தங்காமற்போகும் அபாயம் அதிகம்; கர்ப்பத்துக்கு முன்னரே அதை அடக்கிக்கொண்டால் அபாயம் வெகுவாகக் குறையும். சூலகத்தில் சிறு கட்டிகள் மண்டி, தீட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போகும் நோய், கம்பஹா மாவட்டத்தில் குமாரப்பெலி முதலியோர் 2008இல் வெளியிட்ட கணக்கின்படி 15 முதல் 39 வயது வரையான பெண்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இருந்தது. கொழும்புப் பேராசிரியை சந்திரிகா விஜேரத்ன, தெற்காசியப் பெண்களை இந்நோய் வெள்ளையரைவிட இளம் வயதிலேயே, இன்சுலின் எதிர்ப்பு மிகுந்த வடிவத்தில் தாக்குகிறது என்று காட்டியவர். தீட்டு ஒழுங்காக வராத மகளைக் கலியாணம் ஆனால் சரியாகிவிடும் என்று சொல்லித் தேற்றும் தாய்மார் இதைக் கேட்டுக்கொள்வது நன்று. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்னும் ஹோர்மோன் மிகுந்து கர்ப்பம் தங்காமற்போவது அபூர்வம், அதற்கு மருந்துண்டு.

எத்தனை இழந்த பின் பரிசோதிப்பது என்ற கேள்வியில் வைத்தியர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. பிரித்தானியர் மூன்று என்கிறார்கள். ஐரோப்பியச் சங்கம் 2017இலிருந்து இரண்டு என்கிறது. லான்செற் சஞ்சிகை 2021இல் இவ்விஷயத்தைப் பற்றித் தொடர்கட்டுரை வெளியிட்டபோது, உலகில் ஆண்டுதோறும் 2 கோடி 30 இலட்சம் கர்ப்பங்கள், அதாவது நிமிஷத்துக்கு 44, இவ்வாறு போவதாகக் கணக்கிட்டு, மூன்றாவது வரை காத்திரு என்று ஒரு பெண்ணிடம் சொல்வதைக் கைவிடவேண்டும் என்றும், முதலாவதுக்குப் பின் ஆலோசனையும், இரண்டாவதுக்குப் பின் ஆரம்பப் பரிசோதனையும், மூன்றாவதுக்குப் பின் முழு ஆராய்ச்சியும் என்று படிப்படியாகச் செய்யலாம் என்றும் கூறியது. நம் நாட்டுக்கு இது மிகப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது போனவளுக்குத் தைரோயிட், இரத்தச் சீனி என்ற இரண்டு பரிசோதனைகளை மாத்தளை வைத்தியசாலையில் செய்து வைப்பது அரசாங்கத்துக்குப் பெரும் பாரமன்று. மூன்றாவது போனவளை, இரத்தம் உறையும் குறை முதலியவற்றைப் பார்க்கக் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்பலாம். மூன்றாவது முறையும் இழந்து வா என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்புவதில் சாஸ்திரம் இருக்கலாம். தர்மம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, எழுதி வைத்தல் என்ற காரியத்துக்கு ஒரு பெரிய தடை இருப்பதை மறைக்கக் கூடாது. நம் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டினது. கர்ப்பத்தைச் சிதைத்தல் என்னும் குற்றத்தை அதன் 303ஆம் பிரிவு வகுக்கிறது. தாயின் உயிரைக் காப்பதற்காக அல்லாமல் செய்த எவரும், அவளே செய்துகொண்டாலும், குற்றவாளியாவர். தானாகக் கலைந்தவளை அது தொடுவதில்லை. ஆனால் நள்ளிரவில் உதிரத்தோடு வைத்தியசாலைக்கு வந்தவளிடம், “என்ன குடிச்சே? எவன்கிட்ட போனே?” என்ற தொனியில் யாரோ ஒருவர் கேட்டுவிடுவார் என்ற பயம், அவளை விடியும் வரை வீட்டிலேயே துணி மாற்றிக்கொண்டு இருக்கச் செய்கிறது. அதனால், எழுதப்படும் ஏடு அவளுடைய கையிலேயே, கர்ப்ப அட்டையைப் போல அவளுடைய சொத்தாகவே இருக்கவேண்டும். போன கர்ப்பத்தின் வாரம், ஸ்கேனில் கண்டது, உதிரம் போன நாள், செய்த பரிசோதனை, எடுத்த மருந்து என்பவை ஒரு பக்கத்துக்கு மேல் பிடிக்கா. புருஷனுக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கலாம். கருவின் நிறமூர்த்தங்களிற் பாதி அவனுடையவை என்பதை மாமியார்மாருக்கு அது ஞாபகப்படுத்தும். கோவில் மரத்தில் தொட்டில் கட்டுகிறவளை நான் ஒருபோதும் பரிகசிக்க மாட்டேன். ஆனால் தொட்டில் கட்டும்போதுகூடப் புருஷனின் பெயரைச் சொல்லிக் குறை தீர்க்க வேண்டியவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

ஓய்வைப் பற்றி ஒரு வார்த்தை. படுக்கையில் கிடந்தால் கர்ப்பம் தங்கும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஆகவே லயத்து அறையில் ஒருத்தியை மூன்று மாதம் கட்டிலோடு கட்டிவைப்பது வீண் கொடுமை. ஆனால் கர்ப்பம் போன பின் வேண்டிய ஓய்வு வேறு. உதிரம் நிற்காத நிலையிலேயே தோட்டத்துப் பெண் மறுநாள் பிரட்டுக் களத்தில் போய் நிற்கிறாள். நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமில்லை. தோட்டத் தொழிலாளருக்கும் உரிய நம் 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிரசவத்தை அளவுகோலாகக் கொண்டு எழுதப்பட்டது; எட்டாம் வாரத்திற் போகும் கருவை அது எண்ணிப் பார்க்கவில்லை. இந்தியாவின் சட்டம், கர்ப்பம் சிதைந்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு ஆறு வாரம் லீவு கொடுக்கிறது. நியூசிலாந்து 2021 முதல் அவளுக்கும் அவளுடைய துணைவனுக்கும் மூன்று நாள் துக்க லீவு தருகிறது. ஆறு வாரம் அதிகமென்று தோட்டக் கம்பனிகள் சொல்லக்கூடும். இரண்டு வாரத்தில் தொடங்கட்டும். இந்தியச் சட்டம் அத்தாட்சி கேட்கிறது, இங்கும் கேட்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலோ மிட்வைஃப் மிஸ்ஸின் பையிலோ இருக்கவேண்டிய அந்த ஒரு பக்கத் தாள், பின்னால் வைத்தியருக்குக் காட்ட உதவுவதோடு, அடுத்த நாள் காலையில் கணக்கப்பிள்ளையிடம் நீட்டவும் உதவும்.